குணசுந்தரி எழுத்து

கோடு இழுத்தால் கொடியாகும் கையுடையீர்! குறை சொல்வோர் முன்னும் குரல் உயர்த்தாத குணசுந்தரி அம்மையீர்! நம் பட்டு நெசவாளர் சங்கத்தின் வடிவமைப்புப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து இன்று விடைபெறும் தங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் வாசித்தளிக்கும் மடல் இது. தங்கள் கதையைத் தாங்கள் அறிவீர்கள். இந்த அவை அறிய வேண்டும்.

முகூர்த்தப் புடவையின் முந்தானையில் மணமக்கள் பெயரைச் சரிகையில் நெய்து தருகிறோம். முன்பெல்லாம் அந்தப் பெயர்கள் செங்கல் அடுக்கியதுபோல் விறைத்து நிற்கும். குணசுந்தரி அம்மாவுக்கு அது உறுத்தியது. தூரிகை ஓடியதுபோல் தடித்தும் மெலிந்தும், சுழித்தும் நீண்டும் செல்லும் எழுத்துகளை அவரே வரைந்தார். ஒவ்வொன்றையும் கட்டத்தாளில் ஏற்றினார். மூன்று வருடம் ஆயிற்று. பத்தி பத்தியாக எழுத அது உதவாது. பெயரைப் பெரிதாக எழுதி, கடந்து போகிறவரை நிறுத்திவைக்கவே பிறந்த எழுத்து அது.

முதல் புடவை நெசவாளர் மாணிக்கவேல் தறியில் ஏறியது. தறியில் புடவையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்திருக்கும். வரைந்த மயக்கத்தில் அம்மா அதை மறந்திருந்தார். அறுத்துத் திருப்பினால், பெயர் இடம் வலம் மாறி நின்றது.

"இன்னாம்மா இது, பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னுகினுதான் மாப்ள பேரைப் படிக்கணுமா?" என்றார் மாணிக்கவேல்.

"இதாம்பா குணசுந்தரி எழுத்து!" என்றார் மேலாளர். கூடமே சிரித்தது.

அம்மா பதில் பேசவில்லை. மதிய உணவு முழுக்க ஒரு சொல் இல்லாமல் கழிக்கக்கூடியவர் அவர். அந்த மௌனத்தைப் பணிவு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அத்தனை எழுத்தையும் புரட்டி வரைந்துகொண்டு மறுபடி தறிக்கு வந்தார்.

"நெய்ங்கண்ணா. சிரிச்சவங்களையும் கூட்டிகினு வந்து காட்டுங்க."

இந்த முறை பெயர் நேராக நின்றது. வந்தவாசியிலிருந்தும் தேசூரிலிருந்தும் அந்த எழுத்தைக் கேட்டே ஆட்கள் வந்தார்கள். பின்னர் கணினியிலும் புடவைப் பெட்டியிலும் கடைப் பலகையிலும் அது ஏறியது, 'சங்க எழுத்து' என்ற பெயரில். தப்பாக வந்த அன்று அதற்கு அம்மாவின் பெயர். சரியாக வந்தபின் அவர் பெயர் எங்கும் இல்லை.

போன மாதம் அவர் நிர்வாகத்திடம் ஒரே ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தார்: எழுத்துக்குத் தன் பெயர் வேண்டும்.

"ரிட்டயர் ஆவற நேரத்துல எதுக்கும்மா பேஜாரு? சால்வை போடறோம், வாங்கிகினு நிம்மதியா போங்க" என்று பதில் கிடைத்தது.

அம்மையீர்! சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், அது தங்களுக்கு உரியதே. அது மட்டுமே உரியது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. இன்று காலை நம் பிரிவின் நான்கு கணினிகளிலும், அச்சுக்குப் போன புதிய விலைப்பட்டியலிலும் அந்த எழுத்தின் பெயரைக் 'குணசுந்தரி' என்று மாற்றிவிட்டோம். அனுமதி கேட்கவில்லை. கேட்டவருக்குக் கிடைத்த பதிலை நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கண்ணும் கையும் தளராமல் நெடுநாள் நலமாக இருங்கள். பேசத் தோன்றாத நாட்களில் பேசாமலே இருங்கள். தங்களுக்காகப் பேச இங்கே ஆள் உண்டு.

பெயரை மாற்றியது யார் என்று விசாரணை வைத்து யாரும் சிரமப்பட வேண்டாம். கீழே ஒப்பமிட்டிருக்கிறோம்.

துரை
அமலா
பிரபாகரன்
தீபா

வடிவமைப்புப் பிரிவு ஊழியர்கள், ஆரணி