எஞ்சினுக்கு வைத்த ஸ்டெதஸ்கோப்

கையில் படிந்த கிரீஸைக் கழுவிவிட்டுக் கம்பீரமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பழுது பார்த்தே பழுத்துப்போன பெரியவர்களே! இன்றைக்காவது வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தாரே என்று மகிழ்ந்து வந்திருக்கும் தாய்மார்களே! மெக்கானிக் சங்கத்து மேடையில் ஒரு நர்ஸுக்கு என்ன வேலை என்று யோசிக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் வணக்கம்.

வேலை இருக்கிறது. வீடு வீடாய்ப் போய்ப் பிரசவம் பார்க்கும் எனக்குக் கால் எது? என் சின்ன மோட்டார் சைக்கிள்தான். ஒரு காலையில் அது டக் டக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆற்றுக்கு அப்பால் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று தகவல் வந்த அதே காலை! ஓடினேன் முச்சந்திப் பட்டறைக்கு. அங்கே யார்? பட்டறை நடத்தும் மாமனும் மச்சானும். மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களேதான்.

மாமன் ஆக்சிலேட்டரை முறுக்கினார். மச்சான் முகத்தைச் சுளித்தார். பிஸ்டன் என்றார் மாமன். வால்வைத் தட்டும் டேப்பெட் என்றார் மச்சான். டேப்பெட்டைச் சரிசெய்தார்கள், அப்போதும் டக் டக். சரி, எஞ்சினைப் பிரித்துவிடலாம் என்றார்கள். வேறு வண்டி கேட்டேன். அங்கே நின்றவை எல்லாம் ஏற்கெனவே பிரித்துப் போட்டவை! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் வீட்டு மிக்ஸியும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகம். அங்கே ஒருத்தி துடிக்கிறாள், இங்கே இருவர் வாதாடுகிறார்கள்! பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மச்சானின் காதில் மாட்டினேன்.

"அண்ணே, முறுக்காம மெதுவா ஓடவிட்டு, ஒவ்வொரு இடமா வச்சுக் கேளுங்க. எங்க சத்தம் ஜாஸ்தின்னு மட்டும் சொல்லுங்க."

பிஸ்டன் ஓடும் பக்கம் வைத்தார்: சத்தம் இல்லை. டேப்பெட் மூடியில் வைத்தார்: லேசாய்க் கேட்டது. சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தருகே கொண்டுபோனார். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். "மாமா, இது தட்டுற சத்தமே இல்ல. புகை கசியுது."

மாமன் நம்புவாரா? ஈரத் துணியை மடித்து சைலன்சர் வாயைப் பாதி பொத்தினார். அடைபட்ட புகை கசிவு வழியே பீறிட, டக் டக் இன்னும் கூடியது. குழாயின் கழுத்தில் கரி படிந்திருந்ததை அப்போதுதான் கண்டார். நட்டு தளர்ந்திருந்தது! இறுக்கினார், எஞ்சின் சாந்தமானது.

அவர்களுக்குத் தெரியாத வித்தையா? தெரியும். பின் ஏன் தடுமாறினார்கள்? மாமனுக்குப் பிஸ்டன்மேல் சந்தேகம். மச்சானுக்கு மாமன்மேல் சந்தேகம். சத்தத்தைக் கேட்கத்தான் ஆளில்லை! ஆகவே சொல்கிறேன்: கழற்றுமுன் கேளுங்கள்! முடிவு கட்டுமுன் கேளுங்கள்! வீட்டுக்காரி பேசும்போதும் கேளுங்கள்! என்ன இது, கைதட்டல் தாய்மார்கள் பக்கமிருந்து மட்டும் வருகிறது?

அன்று நான் போய்ச் சேர்ந்தேனா? சேர்ந்தேன். பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், அழு கண்ணே அழு என்று கெஞ்சினேன். கடைசியில் ஒரு அலறல் அலறியது பாருங்கள், வீடே அதிர்ந்தது! நான் கொஞ்சம் தாமதித்திருந்தாலும் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. எவரும் பழுதுபார்க்கத் தேவையில்லாத அந்தச் சத்தத்தின் பெயரால், நட்டை இறுக்கிய கைகளுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.