கோடு போட்டு அடித்த விடைத்தாள்கள்

மேடையில் வீற்றிருக்கும் டீன் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அலுவலகத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும், நம்மை விட்டுப் பிரிந்த அக்காவின் மகளே! எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் டீன் அவர்கள் அழகாகப் பேசினார். "உயர்நிலைப் பொருளியல் தேர்வில் ஏழு முறை தோற்றும் எட்டாம் முறைக்குத் தயாராக இருந்தவர்! விடாமுயற்சிக்கே இலக்கணம்!" என்றார். கைதட்டல்கூட எழுந்தது. உண்மை தெரியாமல் இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

நம் துறை அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் டைப்பிஸ்ட்டாக இருந்த பத்தாம் நம்பர் அக்கா, அந்தத் தேர்வில் ஒரே ஒரு முறைதான் தோற்றார். மீதி ஆறு முறையும் அவரைத் தோற்கடித்தவன் இதோ, உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அது நான் நடத்தும் விருப்பப் பாடம். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது இல்லாமல் முடியாது. கணக்கு அதிகம் என்று மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பத்துப் பேர் பதிவு செய்தால்தான் வகுப்பு, இல்லையென்றால் ரத்து. என்ன ராசியோ, ஒன்பது பேருக்கு மேல் வரவே மாட்டார்கள்.

அக்கா வேலை பார்த்துக்கொண்டே நம்மிடம் எம்.ஏ. படித்தவர். எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டார். இது ஒன்று மட்டும் அரியர். மறு ஆண்டு ஒன்பது பேர் வந்து நின்றபோது நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அரியர் வைத்தவர் மறுபடி வகுப்பில் சேர்ந்தால் அவரும் எண்ணிக்கையில் சேர்வார் என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. அக்கா பதிவு செய்தார். வருகைப் பதிவேட்டில் பத்தாவது பெயர். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

தேர்வுக்கு முந்தின வாரம் அவர் மேசைக்குப் போனேன். "அடுத்த வருஷமும் ஒன்பது பேர்தான் வருவாங்க போலிருக்கு. நீங்க பாஸாயிட்டா பாடம் போச்சு. ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்களேன்" என்றேன்.

"அதுக்கென்ன சார், பெயிலாகறதுக்குப் படிக்கவா வேணும்?" என்று சிரித்தார்.

ஆனால் படித்தார்! எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினார். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேலை எடுத்து வைத்து, பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாதே! "வெறும் தாளைக் கொடுத்துடலாமேம்மா?" என்று கேட்டேன். "எனக்கு வருதா இல்லையான்னு எனக்காவது தெரிய வேணாமா சார்?" என்றார்.

ஒரே ஒரு வருஷம் என்றேன். ஆறு வருஷமும் அதையேதான் சொன்னேன். அந்தப் பட்டம் கையில் இருந்திருந்தால் அவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆகியிருப்பார். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பதவி உயர்வு ஆணையை டைப் அடித்தது யார்? அக்காதான்.

அந்த வகுப்பில் நான் என்ன நடத்தினேன் தெரியுமா? எல்லோரும் அனுபவிக்கும் பொதுப்பொருளுக்கு யார் விலை கொடுப்பது, மற்றவர்கள் எப்படி ஓசியில் பிழைக்கிறார்கள் என்பதைக் கரும்பலகை நிறைய எழுதினேன். விலை கொடுத்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் இந்த மகள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். "நானே டிகிரி முடிச்சிட்டேன். நீ இன்னும் அரியரை இழுத்துக்கிட்டிருக்கே. வெளியில சொல்லவே வெக்கமா இருக்கும்மா" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

போன ஆண்டுதான் அவர் வாய் திறந்து கேட்டார். "சார், இந்த வருஷம் கோடு அடிக்காம கொடுத்துடட்டுமா? கண்காணிப்பாளர் இடம் மறுபடி காலியாகுது. பொண்ணுகிட்டயும் பாஸாயிடுவேன்னு சொல்லிட்டேன்." நான் என்ன சொன்னேன்? இதே வாயால், "ஒரே ஒரு வருஷம்மா" என்றேன். தாள் வந்தது. கோடும் இருந்தது. ஸ்கேல் வைக்காமல் கையாலேயே இழுத்த கோடு.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது மாரடைப்பு வந்து போய்விட்டார். இன்று அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒன்று இந்தக் கூட்டத்துக்கு. இன்னொன்று, இன்று மாலை ஐந்து மணிக்குள் பத்தாவது ஆள் வராவிட்டால் பாடம் ரத்து என்று. டீன் அவர்களே, இரண்டிலும் உங்கள் கையெழுத்துதான்!

நேற்று அதே விதிப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம். 'பல்கலைக்கழக ஊழியர் எவரும், ஆசிரியரானாலும் அலுவலரானாலும், பட்டத்துக்காக அல்லாமல் ஆண்டுக்கு ஒரு பாடம் பதிவு செய்யலாம். அவரும் எண்ணிக்கையில் சேர்வார்.' ஐயோ, ஒரு பக்கம்! ஆறு ஆண்டுகளில் ஒரு பக்கத்தை நான் திருப்பவில்லை. நாம் முப்பது ஆசிரியர்கள் இருக்கிறோம். ஆளுக்கு ஓராண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அக்கா ஒரு கோடுகூடப் போட்டிருக்க வேண்டாமே! நம்மில் ஒருவருக்காவது அது தோன்றியதா?

மகளே, கேள். அடித்த தாள்களைக் கோட்டுக்கு அடியில் படித்துத் தனியாகத் திருத்தி வைத்திருக்கிறேன். எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்தைந்து, எண்பத்தைந்து, தொண்ணூறு. கடைசியாக, கையால் அடித்த அந்தத் தாள், தொண்ணூற்று நான்கு. அந்த ஆண்டு வகுப்பில் முதல் மதிப்பெண் உன் அம்மாவுடையது. வெட்கப்பட வேண்டியவன் நான். இந்த உறையில் ஆறு தாள்களும் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்.

இரங்கல் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும். என் தீர்மானம் இந்த விண்ணப்பம். மாணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். பாடத்தை இனி நம் இளைய விரிவுரையாளர் நடத்துவார். அக்கா காப்பாற்றிய வகுப்பில் படித்து வந்தவர் அவர். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன், தேர்வு எழுதுவேன், ஒரு விடையையும் அடிக்க மாட்டேன். அடுத்த ஆண்டு யார், அதற்கடுத்த ஆண்டு யார் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். மௌன அஞ்சலி அதற்குப் பிறகு.

டீன் அவர்களே, மணி நாலு ஐம்பது. இதோ பேனா.