எடுத்து வெச்சிருக்கேன்

வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்ட மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நாளிதழைக் கடைசி வரி வரை படித்த பிறகே நாற்காலியை விட்டு எழும் பெரியோர்களே, தேர்வு என்னவோ பிள்ளைக்கு, படபடப்பு என்னவோ தமக்கு என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, போட்டித் தேர்வு என்னும் போர்க்களத்துக்குப் பேனாவோடு புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளே! இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறிய ஓர் எழுத்தரின் பணிவான வணக்கம்.

கைப்பேசியைக் கிணற்றில் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான் படித்ததே அதில்தான். பழைய வினாத்தாள் அதில் உண்டு, மாதிரித் தேர்வு அதில் உண்டு, பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பாடம் சொல்லும் ஆசிரியர் அதில் உண்டு. பிறகு ஏன் தோற்றேன்? விளையாடிக் கெட்டேனா? வெட்டி அரட்டையில் விழுந்தேனா? இல்லை. படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படம் பிடித்தேன்.

ஆம், ஸ்கிரீன்ஷாட். சிரிக்கிறீர்கள், அப்படியானால் உங்களிடமும் இருக்கிறது. பதினேழு படிப்புக் குழுக்களில் இருந்தேன். எதில் குறிப்பு வந்தாலும் படம், எவர் அட்டவணை போட்டாலும் படம். மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னிக்கு என்ன படிச்சே?"

"சூரியக் குடும்பம் முழுக்க எடுத்து வெச்சிருக்கேன்பா."

"நேத்து?"

"நேத்து ரத்த ஓட்டம் எடுத்து வெச்சேன்."

மூலையில் தையல் எந்திரத்தில் என் தங்கை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையலில் உட்கார்ந்தவள். மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "நானும் நிறைய துணி எடுத்து வெச்சிருக்கேன்பா. தைக்கிற வரைக்கும் அது வெறும் துணிதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ ஊசிக்கு நூல் கோக்கிற வேலையப் பாருடி" என்றேன்.

இரண்டாம் தேர்வு வந்தது. கைப்பேசியை வாசலில் வாங்கிப் பையில் போட்டு எண் போட்ட வில்லை கொடுத்தார்கள். உள்ளே ஒரு கேள்வி: வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எத்தனை நாள்? எண்பத்தெட்டா, இருநூற்று இருபத்தைந்தா, இருநூற்று நாற்பத்து மூன்றா, அறுநூற்று எண்பத்தேழா? எனக்கு அந்தப் படம் கண்ணுக்குள் நிற்கிறது. மஞ்சள் பின்னணி, சிவப்புக் கோடு, மேல் மூலையில் பேட்டரி பதினான்கு சதவீதம். அந்தப் பதினான்கு நினைவிருக்கிறது, நாள் கணக்கு நினைவில்லை! விடை கைப்பேசியில் இருந்தது, கைப்பேசி வாசலில் இருந்தது, நான் உள்ளே இருந்தேன்.

நீலச் சட்டைத் தம்பி, எதற்குப் பையில் கைவிடுகிறீர்கள்? எடுக்காதீர்கள். விடையைத் தேடவா? தேர்வறையில் அதை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்.

இருநூற்று இருபத்தைந்து என்று குறித்தேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனது. வயது வரம்புக்குள் எனக்கு மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அன்று அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு படத்தப் பாரு. ஃபோன மூடு. எங்கிட்ட சொல்லு. பாக்காம சொல்லிட்டா அழிச்சிடு. சொல்ல வரலன்னா மறுபடி பாரு."

"உனக்கு இதெல்லாம் புரியுமா?"

"புரியலன்னா கேக்கறேன். வாய் எனக்கும் இருக்குல்ல?"

பதினாறு குழுக்களை விட்டு வெளியேறினேன். காலையில் நாற்பது நிமிடம் மாதிரித் தேர்வு. பிறகு கைப்பேசி அவளுடைய எந்திரத்தின் மேல், நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில். நான் சொல்வேன், அவள் தைப்பாள், நடுவில் குடைவாள். "வெள்ளி சுத்த இருநூத்தி நாப்பத்து மூணு நாள்னா, சூரியனச் சுத்த?" இருநூற்று இருபத்தைந்து. அப்போதுதான் தெரிந்தது, இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு கோட்டை விட்டிருக்கிறேன். "அப்போ அங்க வருசத்தவிட நாள் பெருசா? ஏன்?" எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடத்தான் கைப்பேசியைக் கேட்டு வாங்கினேன்.

அங்கேதான் ஐயா விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் கேள்வி இல்லாமல் கைப்பேசியிடம் போவேன், பொழுதைத் தொலைத்துவிட்டுத் திரும்புவேன். இப்போது கேள்வியோடு போனேன், பதிலோடு திரும்பினேன். கருவி மாறவில்லை. கட்டணம் மாறவில்லை. கையில் ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

எட்டு மாதத்தில் படங்கள் தீர்ந்தன. விண்ணப்பம் நிரப்பும் நாளில் தங்கை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு போட்டுடுக்கா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, எழுதியாவது பாக்கறேன்."

முடிவு வந்தது. பட்டியலில் அவள் எண் முதலில் கண்ணில் பட்டது. என் எண்ணைத் தேடிக் கீழே போனேன், இன்னும் கீழே போனேன். இருந்தது. பத்தொன்பது இடம் தள்ளி இருந்தது. மதிப்பெண் வரிசைப்படி பதவி கொடுத்தார்கள். எனக்கு எழுத்தர். அவளுக்கு அலுவலர். ஒரு படம்கூட எடுத்து வைக்காதவள், கேட்டதையெல்லாம் தலையில் தைத்து வைத்திருந்தாள். பொறாமைப்பட்டேனா? ஒரு நாள் பட்டேன். அதற்குமேல் அவள் விடவில்லை.

தலைவர் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டுகிறார். அலுவலகத்தில் உங்களை 'மேடம்' என்கிறேன், இங்கே 'தலைவர் அவர்களே' என்றேன். இதோ முடிச்சுட்டேன் தங்கச்சி, போதுமா?

கை தட்டுங்கள், எனக்கல்ல, அவளுக்கு.

என் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருக்கும் அன்பர்களே, வீட்டுக்குப் போனதும் அதை அழித்துவிடுங்கள். அதற்கு முன்னால் யாராவது ஒருவரிடம், பார்க்காமல், சொல்லிவிடுங்கள். பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.