தெருவே சொன்ன ஆமாம்

சின்னதா ஒரு கதை சொல்றேன், கேளுங்க... சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடுவேன், பயப்படாதீங்க.

திருச்சி பாலக்கரையில சுகிர்தான்னு ஒரு பொண்ணு. யாழ்ப்பாணத்துல இருந்து மனோதத்துவம் படிக்க வந்தவ. குடியிருந்தது செபஸ்தியம்மா வீட்டு மாடியில. ஆராய்ச்சி என்ன தெரியுமா? ஜனங்களுக்கு நாட்டுப் பற்று எவ்வளவு, வெளியாள் மேல வெறுப்பு எவ்வளவுன்னு அளக்கறது. அளக்க முடியுமான்னு கேக்காதீங்க... அளக்கறாங்க!

தெரு முழுக்கப் போய்க் கேட்டா. நம்ம நாடுதான் உலகத்துலயே ஒசத்தியா? ஆமாம். அடுத்த நாட்டுக்காரங்களை நம்பக்கூடாதா? ஆமாம். வெளிநாட்டுக்காரங்களுக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாதா? அதுக்கும் ஆமாம்! ஒரு வீடு பாக்கி இல்லை. செபஸ்தியம்மா மட்டும் என்ன... "ஆமாம்மா, ஆமாம்"னு ரெண்டு தரம் சொன்னாங்க.

அந்தப் பொண்ணு மனசு என்ன பாடு பட்டிருக்கும்? தினம் மீன்குழம்பு குடுத்த கைங்க அது. அழுதுகிட்டே பெட்டியைக் கட்டிட்டா.

"அம்மா, நான் வேற வீடு பாக்கிறன்."

"ஏம்மா, நான் என்ன குறை வச்சேன்?"

"வெளிநாட்டு ஆக்களுக்கு வீடு குடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்..."

செபஸ்தியம்மா தலையில கையை வச்சுக்கிட்டாங்க. "அடிப்பாவி! இல்லைன்னு சொன்னா உனக்கு மார்க்கு குறைச்சிடுவாங்கன்னுதானே ஆமா போட்டேன்? புள்ளை வந்து என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்கன்னு தெரு பூரா சொல்லி வச்சதே நான்தாண்டி!"

அப்பாடா... அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. சிரிக்கவும் முடியலை, அழுகையும் நிக்கலை. அந்தம்மா பெட்டியைப் பிடுங்கி உள்ள வச்சிட்டு, சோறு போடப் போயிட்டாங்க.

ஆராய்ச்சி? அது போச்சுங்க! ஒரே விஷயத்தை நேரா ஒரு தரம், தலைகீழா ஒரு தரம் கேக்கணும்னு அந்தப் படிப்புல ஒரு முறை உண்டு. வீடு விடக்கூடாதான்னு கேட்டவ, விடலாமான்னும் கேட்டிருக்கணும். அதுக்கும் தெருவே ஆமான்னிருக்கும், குட்டு அன்னைக்கே உடைஞ்சிருக்கும். கேள்விகளைப் புதுசா எழுதிக்கிட்டு மறுபடி தெருவுல இறங்கினா... அதே மாடியில இருந்து.

எதுக்குச் சொல்றேன்? நம்ம கையிலயும் தினம் ஒரு கணக்கு வருது. நூத்துக்கு இத்தனை பேர் வெறுக்கறாங்க, ஜனங்க மனசு கெட்டுப்போச்சுன்னு. நாமளும் நம்பிடறோம்... மனசுக்குள்ள பெட்டியைக் கட்டிடறோம். கட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் மாத்திக் கேட்டுப் பாருங்கய்யா. நெசமாவே வெறுக்கறவன் இருப்பான், இல்லைன்னு சொல்லலை. ஆனா செபஸ்தியம்மாவும் இருக்காங்க.

அவங்க கேள்வியைக் காதுலயே வாங்கலைங்க... கேட்ட புள்ளையைத்தான் பார்த்தாங்க.