ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட் ஆகும் நெட்

— அதுல இல்ல மாமா. அந்த மஞ்சள் ஓட்டையெல்லாம் வீட்டு கம்ப்யூட்டருக்கு. மோடத்துல இருந்து வர்ற வயரைத் தனியா இருக்கிற இந்த நீல ஓட்டையிலதான் சொருகணும்.

— ஓட்டைன்னா ஓட்டைதானே ரோடெல். ஆயுசு முழுக்க ஜீப்னி வண்டி ஓட்டினவன் நான், எனக்கு வயர் தெரியாதா?

— தெரிஞ்சுதான் காலையில இருந்து ரெண்டு பெட்டியையும் முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களாக்கும்.

— கேட்டுக்க, நான் அப்பவே இவகிட்ட சொன்னேன். புது ரூட்டர் எதுக்கு ஹெர்மினியா, மூணு வாரமா நெட் ஒரு தடவைகூட கட் ஆகலையேன்னு. என் பேச்சு இந்த வீட்டுல எடுபடுதா?

— நீ சும்மா இரு டெல்ஃபின். மே மாசம் நெட் வந்ததுல இருந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தம்பி, வாரம் பூரா நல்லா ஓடும்பா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு சிங்கப்பூர்ல இருந்து எங்க மரிவிக் முகத்தைக் காட்டிப் பேசிக்கிட்டிருப்பா. பட்டுன்னு போயிடும். வாயைத் திறந்தபடி அப்படியே நிப்பா என் பொண்ணு.

— மத்த நாள்ல போகாதா அக்கா?

— போகாது. மாதாவே, இந்தப் பெட்டிக்குக் கிழமைகூடத் தெரியுமான்னு நினைச்சுக்குவேன்.

— மழைக்கு கட் ஆகுற மோடம் பார்த்திருக்கேன். ஞாயிறு பூசைக்குப் போற மோடத்தை இப்பத்தான் பார்க்கிறேன்.

— சிரிக்காதே. அதுக்குத்தான் அவ சம்பளத்துல ரூட்டர் வாங்கி அனுப்பியிருக்கா. பாச்சோய் சூப் ஆறுது பாரு, குடிச்சிட்டு வேலையைச் செய்.

— ஒரு நிமிஷம் அக்கா. ரெண்டு பெட்டியும் ஒரே முகவரியைச் சொல்லிக்கிட்டு முட்டிக்குது. ஒரே தெருவுல ஒரே கதவு எண் ரெண்டு வீட்டுக்கு இருந்தா தபால்காரன் என்ன செய்வான்? அதான் புதுசுக்கு வேற எண் கொடுத்துட்டேன். ஆச்சு. விளக்கு எரியுதா?

— எரியுது.

— சரி, இதென்ன? போன் வயர் நேரா சுவத்துக்குப் போகுதே. நடுவுல சின்னதா ஒரு வெள்ளைக் கட்டி இருக்கணுமே?

— அதா? உபரியாக் கொடுத்துட்டுப் போறான்னு நினைச்சு ஆணி டப்பாவுல போட்டு வச்சேன்.

— மாமா! அது ஃபில்ட்டர். அது இல்லாம போன் அடிச்சா நெட் கட் ஆயிடும்.

— இந்த போன் எங்க அடிக்குது தம்பி? எல்லாரும் செல்லுலதான் கூப்பிடுறாங்க. இதுல ஒருத்தன் மட்டும் கூப்பிட்டுக்கிட்டிருந்தான். புனித வாரத்தோட அவனும் விட்டுட்டான்.

— யாரு அக்கா?

— எங்க பையன் ரெனான், கப்பல் வேலைக்குப் போனவன்.

— அந்தப் பேரை இங்க எடுக்காதே ஹெர்மினியா.

— எடுத்தா உனக்கென்ன? "உன் குரல் இனி இந்த வீட்டுக்குள்ள கேட்கக் கூடாது"ன்னு வாசல்ல நின்னு கத்தினது நீதானே. அப்பனுக்கு ஏத்த பிள்ளை. குரலை அனுப்பவே இல்ல தம்பி, மணியை மட்டும் அனுப்பினான். ஞாயிறு ஆனா ரெண்டு தடவை அடிக்கும். நான் எடுத்து, ஒண்ணும் பேசாம வச்சிடுவேன். அவன் உயிரோட இருக்கான், நாங்களும் இருக்கோம். அவ்வளவுதான் எங்க பேச்சு.

— நீங்களாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?

— ஒரு தடவை "மகனே"ன்னேன். உடனே வச்சிட்டான். அப்புறம் பயம், மணியையும் நிறுத்திட்டான்னா? எந்த ஊரு, எந்தக் கப்பலு, ஒண்ணும் தெரியாது. மரிவிக் ஃபேஸ்புக்குல தேடித் தேடிக் கண்ணே போச்சு.

— ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடுவாரு?

— ஏழு மணிக்கு. ஏன் அப்படிப் பார்க்கிற?

— போன் நம்பரைச் சொல்லுங்க அக்கா. என் செல்லுல இருந்து அடிச்சுப் பார்க்கிறேன்.

— போன் நல்லாத்தான் இருக்கு. தினமும் எடுத்துக் காதுல வச்சுப் பார்க்கிறேனே, ங்ஙொய்னு சத்தம் வருது. இந்தா, நம்பர் அடியில எழுதி ஒட்டியிருக்கு.

— ம்... எனக்கு ரிங் போகுது.

— இங்க அடிக்கலையே.

— அடிக்கல. மோடத்தைப் பாருங்க.

— ஐயோ, விளக்கு அணைஞ்சிடுச்சு!

— மாமா, போனைக் கவிழ்த்துப் பாருங்க. அடியில மணிச் சத்தத்துக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எந்தப் பக்கம் இருக்கு?

— கீழ. ஒரேயடியா கீழ இருக்கு.

— அப்ப மணியோட நாக்கை மட்டும் பிடிச்சு வச்சிருக்கு. கால் உள்ள வந்துட்டுத்தான் போகுது.

— யாரு கீழ இறக்கினது? டெல்ஃபின்?

— பெரிய வெள்ளி அன்னைக்கு. ஹாரோ மாதா கோயில்லயே மணியைக் கட்டிப்போட்டு மரக்கட்டையைத்தானே தட்டுறாங்க. வீட்டுல மட்டும் அடிக்கலாமான்னு கடிகாரத்தை நிறுத்தினேன், போனையும் அமுக்கினேன். ஈஸ்டர் அன்னைக்குக் கடிகாரத்தை ஓட விட்டேன்.

— போனை?

— மறந்துட்டேன்.

— வேணும்னே செஞ்சியா?

— கேட்டுக்க ஹெர்மினியா. ஞாயிறு ஏழு மணிக்கு இந்த வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சது யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

— அக்கா, அப்படின்னா ஒவ்வொரு ஞாயிறும்...

— நீ சொல்லாதே, நான் சொல்றேன். மரிவிக் முகம் நின்னப்பல்லாம் அவன் கூப்பிட்டிருக்கான். நான் சனியனே சனியனேன்னு மோடத்தைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். போன் பக்கத்துலயே இருந்திருக்கு, கை எட்டுற தூரத்துல.

— கட் ஆனா எவ்வளவு நேரம் இருக்கும்?

— முதல்ல கொஞ்சம்தான். போகப் போக ரொம்ப நேரம் ஆச்சு. போன மாசமெல்லாம் வந்த உடனே போகும், வந்த உடனே போகும்.

— யாராவது எடுப்பாங்கன்னு திரும்பத் திரும்ப அடிச்சிருக்காரு.

— இன்னைக்கு ஞாயிறுதானே! டெல்ஃபின், சுவிட்சை மேல தள்ளு. ஏழாக இன்னும் நேரம் இருக்கு. முதல் மணியிலயே எடுத்துடுவேன். நீ தடுத்தாலும் இன்னைக்குப் பேசத்தான் போறேன்.

— நான் தடுக்கல. நானே பேசுறேன்.

— கேட்டியா ரோடெல்? மாதாவே, இந்த வாயில இருந்தா இது வருது! நீ அந்த ஃபில்ட்டரையும் மாட்டு தம்பி, மரிவிக் இருக்கும்போதே அவனும் வரட்டும். ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற? டெல்ஃபின், உனக்கென்ன ஆச்சு? உட்காரு, ஏன் அழற?

— இந்தப் பையன்கிட்ட நான் கொஞ்சம் முன்னாடி என்ன சொன்னேன் ஹெர்மினியா?

— என்ன சொன்ன?

— மூணு வாரமா, ஞாயிற்றுக்கிழமைகூட, நெட் கட் ஆகலைன்னு சொன்னேன்.