தறியில் இருந்த சேலை

என் பெயர் புவனேஸ்வரி, வயது 41, காலஞ்சென்ற பிரேம்நாத்தின் மனைவி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பட்டு நெசவு செய்துவந்தேன், இப்போது வேலை இல்லை. யார் தூண்டுதலும் இல்லாமல் நீதித்துறை நடுவர் முன்பு சொல்வதாவது:

என் கணவர் கலியாணசுந்தரம் என்பவரின் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். சென்ற ஆடி மாதம் அங்கே கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். வீட்டில் படுத்திருந்தபோது மாரடைப்பு வந்ததாக முதலாளி தரப்பில் சொன்னார்கள். உடலைக் குளிப்பாட்டியது நான். மூக்குக்குள் அரக்குச் சாயம் இருந்தது. பாயில் படுத்திருந்தவர் மூக்கில் சாயம் எப்படிப் போகும் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு, இணையத்தில் சொந்தமாகச் செய்தி சேனல் நடத்தும் ஓரிக்கையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் என்பவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். எனக்குத் தறி வேலை கொடுப்பதும் அதே முதலாளி என்பதால், "என் மூஞ்சி தெரிஞ்சா பொழப்பே பூடும்பா" என்றேன். நடந்ததை நான் சொல்லச் சொல்லப் படம் பிடித்து, முகத்தை மறைத்து, குரலையும் மாற்றித்தான் வீடியோ போட்டார். ஆனால் எனக்குப் பின்னால் தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அந்தச் சேலையின் கரை டிசைன், முதலாளி என் தறிக்கு மட்டும் கொடுத்தது. அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நெய்கிற எனக்கே தோன்றவில்லை, கிறிஸ்டோபரைக் குறை சொல்லி என்ன பயன். மறுநாள் காலை முதலாளியின் ஆட்கள் வந்து, தறியில் கட்டியிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துப் போனார்கள்.

அதன் பிறகு, யாரோ ஒரு பெண்ணைக் கூலிக்கு நடிக்கவைத்துப் பொய்ச் செய்தி பரப்பியதாக முதலாளி கொடுத்த புகாரில் கிறிஸ்டோபரைக் கைது செய்தார்கள். தெருவில் யாரோ என்னைக் கைகாட்டியதால் என்னையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய் அவர் எதிரில் நிறுத்தி, வீடியோவில் பேசியது இந்த அம்மாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றிருந்தால் அவருக்கு ஜாமீனாவது கிடைத்திருக்கும். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாருன்னே தெரியாது சார்" என்றார். என் பிழைப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார். பாவு அறுபட்டு என் வேலை ஏற்கெனவே போனது அவருக்குத் தெரியாது. முதலாளியின் ஆள் வாசலில் நின்றதால் பயத்தில் நானும் அதை மறுக்கவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வீடியோவில் பேசிய பெண் நான்தான். எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. கிறிஸ்டோபர் போட்ட செய்தியில் பொய் எதுவும் இல்லை. என்னைத் தெரியாது என்றாரே, அது ஒன்றுதான் அவர் சொன்ன பொய்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பி. புவனேஸ்வரி