முயலை மறைத்த அப்பன் பேசுகிறேன்

சங்கத்தைத் தோளில் சுமக்கும் தலைவர் கலைச்செல்வன் அவர்களே! மேடையை அணிசெய்யும் மருத்துவர் ஹேமலதா அம்மையார் அவர்களே! சிறுநீரகம் ஒன்றை ஈந்துவிட்டு மற்றொன்றோடு வந்து முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெற்ற சிறுநீரகத்தைப் பெற்ற பிள்ளைபோல் பேணுகின்ற உறவுகளே! டயாலிசிஸ் முடிந்த கையோடு, கையில் ஒட்டிய பஞ்சைக்கூடப் பிரிக்காமல் வந்திருக்கும் சகோதரர்களே! வடை எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைப் பெரியோர்களே! அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

என் பெயர் செம்மல். பெயரில் மட்டும்தான் செம்மை. ஒன்பதாம் வகுப்பை இருமுறை படித்தவன். இரண்டாம் முறையும் அது என்னை மேலே அனுப்ப மறுத்துவிட்டது. பெரிய மார்க்கெட் மீன்கடைகளுக்கு ஐஸ் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன். இந்தச் செந்தமிழ் முழுவதும் மேடைகளுக்குக் கீழே நின்று நான் பொறுக்கிச் சேர்த்தது. பிழையிருந்தால் பொறுத்தருளுங்கள். என் மனைவி வரலட்சுமி இருபத்தைந்து ஆண்டாகப் பொறுக்கிறாள், நீங்கள் பத்து நிமிடம் பொறுக்கமாட்டீர்களா?

மேடையேறும் முன் தலைவர் என் சட்டைப்பையில் ஒரு சீட்டைச் செருகினார். இதோ இருக்கிறது. "செம்மல் அண்ணே, முயல் கதைய மட்டும் விட்டுடுங்க. ஜனங்க பயந்துட்டு ஆபரேஷனுக்கே வரமாட்டாங்க." நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் தலைவர் அவர்களே, விடமாட்டேன்! மறைத்ததால் கெட்டவன் நான். மறைத்து வாழ்ந்தது போதும், இனி மறைக்கமாட்டேன்! சீட்டைக் கிழிக்கவில்லை, கவலைப்படாதீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு முயல்கள் இருந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் தெரு மிரேய் மதாம் படியேறி வந்து, "முசியே செம்மல், ரெண்டு லப்பேன் வேணும்" என்று முயல் கேட்பார். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் சமைத்த முயல் குழம்பு இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. முயல்களுக்குப் புல் போட்டது யார்? கூண்டு கழுவியது யார்? மடியில் வைத்துக் கொஞ்சியது யார்? என் மகள் சங்கவி. அப்போது பத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போன பிள்ளை. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் அவள் மாடியில்தான் கிடப்பாள்.

வரலட்சுமி தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தாள். எல்லாம் பொருந்தியது. நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன், ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் கேள்வித்தாளோடு எங்களை உட்காரவைத்தார். "வீட்ல பிராணி ஏதாச்சும் வளக்குறீங்களா?"

உறவுகளே, என் நெஞ்சு என்ன சொன்னது தெரியுமா? 'செம்மல், உண்மையைச் சொன்னால் வீடு அசுத்தம் என்பார்கள், தேதி தள்ளும், பிள்ளை போய்விடுவாள்' என்றது. நான் கெட்டிக்காரன் அல்லவா? வீட்டைப் பார்க்க வருவார்களோ என்று பயந்து அதற்கு முதல் நாளே பதினான்கையும் ஐஸ் வண்டியில் ஏற்றித் தவளக்குப்பத்தில் மச்சான் வீட்டில் இறக்கிவிட்டிருந்தேன். ஐஸ் வண்டியில் முயல் ஏற்றிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்!

"எங்க வூட்டுக்கு எலிகூட வராது மேடம்" என்றேன்.

"பொண்ணு கையில என்ன இவ்ளோ கீறல்?"

"செம்பருத்திச் செடி கீச்சிடுச்சு மேடம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். செம்பருத்தியில் ஏது முள்? அந்த மேடம் பட்டணத்துப் பெண்; எழுதிக்கொண்டார். சங்கவி மட்டும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் உண்மையான முள்.

அறுவை சிகிச்சை நடந்தது. தாயின் சிறுநீரகம் மகளின் வயிற்றில் அமர்ந்து, அன்றே வேலையைத் தொடங்கியது. சிறுநீர்ப் பையைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். (இல்லையாம், நானும் கும்பிட்டேன் என்று அங்கே ஓர் அம்மா கை தூக்குகிறார். வாழ்க தாயே!)

எட்டாம் நாள் இடி விழுந்தது. காய்ச்சல். உடம்பெல்லாம் தடிப்பு. முழங்கால் மடங்கவில்லை, விரல் மடங்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டதுபோல் வலி. இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. வராந்தாவில் உறவுக்காரர்கள் கூடினார்கள். ஆறுதல் சொல்லவா? அளந்துவிட!

"பெத்தவ குடுத்ததையே புள்ள ஒடம்பு தள்ளுதாம்டி."

"அவ ரத்தத்துலயே ஏதோ கோளாறு. நான் அப்பவே சொன்னேன்."

விலாவில் தையல் காயாத வரலட்சுமி சுவரைப் பிடித்தபடி நின்று இதைக் கேட்டாள். என்னிடம் திரும்பி, "ஏங்க, எம்மேல எதுனா தப்பா இருக்குமா?" என்றாள். தன் உறுப்பையே அறுத்துக் கொடுத்தவள் கேட்கிறாள், தன்மேல் தப்பா என்று!

அப்போது வந்தவர்தான் இந்த ஹேமலதா அம்மையார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், சிறுநீரைப் பார்த்தார், தடிப்பைப் பார்த்தார். சங்கவி கையிலிருந்த பழைய கீறல்களை நெடுநேரம் பார்த்தார். "கிட்னி நல்லாத்தான் வேலை செய்யுது. இந்தப் பொண்ணு முயல் வளத்துதா?"

"எங்க வூட்லயா டாக்டர்? அதெல்லாம்..." என்று இழுத்தேன்.

கட்டிலிலிருந்து, திறக்க முடியாத வாயைத் திறக்காமலே, பல்லிடுக்கில் ஒரு குரல் வந்தது: "பதினாலு, மேடம்."

அந்த நிமிடம் ஆஸ்பத்திரித் தரை பிளந்திருந்தால் நான் வரிசையில் முதல் ஆளாய் இறங்கியிருப்பேன்.

அம்மையார் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். புதுச் சிறுநீரகம் வந்தால் உடம்பின் காவல் அணுக்கள் 'அந்நியன்!' என்று பாயும். அவற்றை அடக்க ஒரு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து முயலின் உடம்பில் உருவாக்கி எடுத்த எதிர்ப்புப் புரதம். குதிரையிலிருந்து எடுப்பதும் உண்டாம். முயலோடு பழகாதவருக்கும் இந்த ஒவ்வாமை வரலாம். பழகியவர்களில் பலருக்கு வராமலும் போகலாம். ஆனால் என் மகள் உடம்புக்கு முயல் முன்பே தெரிந்த முகம். பழைய பகையாளியைப் பார்த்ததும் சண்டைக்குப் போய்விட்டது. "சண்டை மருந்தோடதான், அம்மா குடுத்த கிட்னியோட இல்ல" என்றார். கேளுங்கள், தாய்மார்களே! தாயின் ரத்தத்தில் குறையில்லை! தாயின் உறுப்பில் குறையில்லை! குறை தந்தையின் நாக்கில் இருந்தது!

மிச்சமிருந்த ஊசியை நிறுத்தினார்கள். வேறு மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளில் காய்ச்சல் இறங்கியது, பத்து நாளில் மூட்டு இளகியது. முயல் மருந்து கூடாது என்று அவள் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். இன்று? இரண்டாம் வரிசையில் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறதே, அது என் மகள் முறுக்கு கடிக்கும் சத்தம். சங்கவி, அப்பா பேசி முடிக்கும்வரையாவது கொஞ்சம் நிறுத்தும்மா! வேண்டாம், கடி. நன்றாகக் கடி. வராந்தாவில் வம்பளந்தவர்கள் காதுக்கெல்லாம் கேட்கட்டும்!

அந்த மருந்தை நான் பழிக்கவில்லை. எத்தனையோ பேருடைய சிறுநீரகத்தைக் காத்து நிற்கும் மருந்து அது. நான் எதிர்ப்பது மௌனத்தை. பயந்து மறைக்கும் நம் மௌனத்தை! புரியாத மொழியில் கேட்டுப் புரியாத பதிலை எழுதிக்கொள்ளும் தாளின் மௌனத்தை! 'பிராணி' என்று கேட்டால் நாம் நாயை நினைப்போம், பூனையை நினைப்போம். முயல் எனக்குப் பிராணியா? பிழைப்பு! முயல் தூக்கியிருக்கிறாயா என்று கேளுங்கள். குதிரை மருந்து ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாம்பு கடித்து ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். அந்த மருந்தும் குதிரை ரத்தத்தில் எடுப்பதுதானாம். கேட்கும்வரை ஓயமாட்டேன். என் ஐஸ் வண்டியின் முதுகில் இந்த மூன்று கேள்வியையும் எழுதிவைத்துத்தான் ஊரைச் சுற்றுகிறேன். மீன் வாங்க வருபவர் படிக்கட்டும்!

அங்கே யார் எழுந்திருப்பது? சொல்லுங்கள் தம்பி. உங்களிடம் மைக் இல்லை, நான் சொல்லிக்காட்டுகிறேன். பெயர் முத்துவேல், தவளக்குப்பம். வரும் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். "சின்ன வயசுல வெரியன் கடிச்சு, பாட்டில் பாட்டிலா மருந்து ஏத்துனாங்க. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. இத சொல்லணும்னு தெரியாதுங்க. யாரும் கேக்கவும் இல்ல."

உட்காராதீர்கள் தம்பி, நில்லுங்கள். டாக்டரம்மா, உங்கள் முகம் மாறுகிறதே... அம்மையார் சொல்கிறார்: "பயப்படாதீங்க. இத இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. எந்த மருந்து குடுக்கலாம்னு உங்க டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

தலைவர் அவர்களே! ஜனங்கள் பயந்து ஓடவில்லை. எழுந்து நிற்கிறார்கள்!

நீங்கள் கொடுத்த சீட்டின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பேனாவைக் கொடுங்கள். எழுதுகிறேன்: முத்துவேல். தவளக்குப்பம். விரியன் கடி. குதிரை மருந்து. உடம்பு தடித்தது. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் இந்த முறை பொய் இல்லை. டாக்டரம்மா, பிடியுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. பல்லிடுக்கில் உண்மை சொன்ன என் மகளுக்கு நன்றி. விலா அறுத்து வாழ்வு கொடுத்தும் பழிச்சொல் கேட்ட வரலட்சுமிக்கு, இத்தனை பேர் நடுவில், தலை தாழ்ந்த வணக்கம்.